ஓட்டக்காரரும் தொழில்முறைக் கபடியும்

தென்னார்க்காடு என முன்னாளில் வழங்கிய நிலப்பகுதியைச் சேர்ந்த நம் கடலூர் மாவட்டத்தில், பொங்கல் விழாவையொட்டி ஊர்தோறும் கபடிப் பந்தயம் நடைபெறுதல் யாவரும் அறிந்ததே. பண்ருட்டிப் பக்கத்துச் செம்மண்ணிலும், கடலோர ஊர்களின் மணலிலும், சிதம்பரத்தைச் சூழ்ந்த வயல்வெளிகளின் களிமண் தரையிலும் இவ்வாட்டம் ஆடப்படுகின்றது. ஊருக்கொருவர் மின்னலென ஓடும் இளைஞராக இருப்பர். அவர் பாடிச் சென்றால் எதிரியைத் தொட்டுவிட்டு எவர் கையிலும் அகப்படாமல் நடுக்கோட்டுக்கு மீள்வார், ஊரார் ஆரவாரிப்பர், ‘இவன் பெரிய அணிக்கே போகத் தக்கவன்’ என்று முதியோர் கூறுவர். அவ்வாறு கூறப்பெறும் இளைஞர் கல்லூரிகளிலும் பயில்கின்றனர். 2014ஆம் ஆண்டில் புரோ கபடி லீக் தொடங்கிய பின்னர், ஆட்டத்தையே தொழிலாகக் கொள்ளும் வழியும் அவர்கட்குத் திறந்துவிட்டது. ஆகவே, கால்களின் விரைவொன்றையே நம்பித் தொழில்முறைக் கபடியில் நிலைபெறலாகுமோ என்னும் வினா வெறும் பொழுதுபோக்கு வினாவன்று. சில குடும்பங்களின் எதிர்காலத்தைத் தொட்டு நிற்பது. அதனை இக்கட்டுரையில் ஒருவாறு ஆராய்வாம்.

முதற்கண் ஓடிப் பாடுதல் என்பது யாது எனத் தெளிதல் வேண்டும். ஆடவர்க்குரிய கபடிக் களம் 13 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் உடையது. நடுக்கோட்டின் இருபுறமும் ஒவ்வோர் அணிக்கும் ஆறரை மீட்டர் ஆழமுள்ள நிலம் உண்டு. ரெய்டர் என இக்காலத்தார் வழங்கும் பாடிச் செல்வோர், 30 நொடிக்குள் எதிரணியினர் எழுவருள் ஒருவரையேனும் தொட்டு மீளுதல் வேண்டும். இதனைச் செய்தற்குப் பல வழிகள் உள. ஒருவர் நின்று நிதானித்து, காலை நீட்டிப் பெருவிரலால் தொடுவார். ஒருவர் உதைத்துத் தொடுவார். ஒருவர் பிடிப்போரின் கைகளுக்குக் கீழே குனிந்து நழுவுவார். ஓட்டக்காரரோ இவற்றுள் எதனையும் முதன்மையாகக் கொள்வதில்லை. அவர் நடுக்கோட்டுக்கு இணையாக ஒரு பக்கத்தினின்று மறுபக்கம் விரைந்து ஓடுவார். மூலையில் நிற்கும் காவலர் ஓரடி முன்வைக்கும் கணத்தில், ஓட்டத்தை நிறுத்தாமலே கையை நீட்டித் தொடுவார். தொடும்பொழுதே அவர் உடல் தன் எல்லையை நோக்கித் திரும்பியிருக்கும். தொடுதலும் மீளுதலும் ஒரே செயலாய் அமைதலே இம்முறையின் சிறப்பு. பிடிப்போர் கை எழுமுன் அவர் நடுக்கோட்டைக் கடந்திருப்பார்.

இனி, இம்முறை ஊர்ப் பந்தயங்களில் எளிதாக வெல்வதன் காரணத்தை நோக்குவாம். ஊர்க்களத்தில் எதிரணியார் இவ்விளைஞரை அன்றுதான் முதன்முறை காண்கின்றனர். இவர் எப்பக்கம் திரும்புவார், எக்கையால் தொடுவார் என்பதை அவர்கள் அறியார். அறிந்துகொள்ளும் முன்னர் ஆட்டமே முடிந்துவிடும். அன்றியும், காப்போர் ஒருவரோடொருவர் இணைந்து பழகியவரல்லர். ஆர்வத்தால் தனித்தனியே முன்னே பாய்வர். முன்னே பாயும் காவலரே ஓட்டக்காரர்க்கு நல்லிரை.

தொழில்முறைக் களத்திலோ நிலைமை முற்றும் வேறு. 2022ஆம் ஆண்டுப் பருவத்தில் 12 அணிகள் பங்குகொண்டன; முதற் சுற்றில் மட்டும் ஒவ்வோர் அணியும் 22 ஆட்டங்கள் ஆடிற்று. ஒவ்வோர் ஆட்டமும் படம்பிடிக்கப்படுகின்றது. எதிரணிப் பயிற்சியாளர் அப்படங்களைத் திரும்பத் திரும்பக் கண்டு, ஓட்டக்காரர் வழக்கமாகத் திரும்பும் பக்கத்தையும், தளரும் வேளையையும் குறித்துக்கொள்கிறார். பின்னர் அவருக்கு எதிராகச் செய்யத்தக்கது மிக எளியது: காப்போர் முன்னே வாராமல் கடைக்கோட்டை ஒட்டிப் பின்வாங்கி நிற்பர். தொடுதற்கு ஆளில்லாமையால் ஓட்டம் வெறும் ஓட்டமாய் முடியும். இவ்வாறு இருமுறை வெறுங்கையோடு மீண்டால், ஓர் அணியின் மூன்றாம் பாட்டில் புள்ளி எடுத்தேயாக வேண்டும். இன்றேல் பாடியவர் வெளியேற வேண்டும் என்பது விதி. அம்மூன்றாம் பாட்டில் அவர் ஆழச் செல்லாமல் இயலாது. ஆழச் சென்றவர்க்கு மீளும் தொலைவு மிகுதி. அதற்குள் ஒருவர் கணுக்காலைப் பற்ற, ஒருவர் தொடையை அணைக்க, கைகோத்து நிற்கும் இருவர் வழியை மறிக்க, விரைவு பயனற்றதாகும்.

சிதம்பரத்தில் தேரோட்டம் கண்டவர்க்கு இது விளங்கும். நேர் வீதியில் வடம் பிடித்து இழுப்போர் வலிமையால் தேர் தானே செல்வதுபோலத் தோன்றும். வீதி முடிந்து மூலையில் திரும்பும்பொழுதே, கட்டை போடுவோரின் கைத்திறன் வெளிப்படும். அத்திறனில்லையேல் இழுப்போர் எத்துணை வலியராயினும் தேர் திரும்பாது. கபடியிலும் வெற்றி தோல்வி தீர்மானமாவது மூலையிலேதான். நேர் ஓட்டம் இழுப்போர் வலிமையை ஒத்தது; திரும்புதற்குரிய அறிவு கட்டை போடுவோர் திறனை ஒத்தது.

இவ்வளவு இடர்கள் இருப்பினும், ஓட்டக்காரர் தொழில்முறைக் கபடியில் வென்றதே இல்லையோ எனின், வென்றுளர். தில்லியின் தபங் தில்லி அணிக்கு ஆடிய நவீன் குமாரே இதற்குச் சிறந்த சான்று. ஓடிக்கொண்டே கையால் தொடும் முறையே அவர் கைவந்த கலை. அதுபற்றியே மக்கள் அவரை ‘நவீன் எக்ஸ்பிரஸ்’ என்று புகைவண்டியின் பெயரிட்டு அழைத்தனர். 2019ஆம் ஆண்டுப் பருவத்தில் அவர் பாடி எடுத்த புள்ளிகள் 301. ஆட்டந்தோறும் பத்துக்குக் குறையாத புள்ளிகளை அவர் தொடர்ந்து எடுத்துவந்தமை கண்டு நாடே வியந்தது. அவ்வாண்டு அக்டோபரில் அகமதாபாத்தில் நடந்த இறுதி ஆட்டத்திலும் அவர் ஒருவரே 18 புள்ளிகள் எடுத்தார். ஆயினும் கோப்பை அவர் அணிக்குக் கிட்டவில்லை. பெங்கால் வாரியர்ஸ் அணி 39க்கு 34 என்ற கணக்கில் வென்றது. இதில் கருதத்தக்கது ஒன்றுண்டு: வென்ற அணியின் முதன்மையான பாடகராகிய மணீந்தர் சிங் காயத்தின் காரணமாக அன்று களத்தில் இறங்கவேயில்லை. தலைவன் இல்லாத அணி பலருடைய புள்ளிகளால் வென்றது. தலைசிறந்த ஓட்டக்காரரை உடைய அணி ஒருவருடைய புள்ளிகளோடு தோற்றது.

அடுத்த பருவம் பெருந்தொற்றினால் தள்ளிப்போய் 2021 டிசம்பரில் பெங்களூரில் தொடங்கிற்று. இடையில் நவீன் குமார் முழங்காலில் காயமுற்றுச் சில ஆட்டங்களில் ஆட இயலாதவரானார். தில்லி அணி அவரின்றி ஆடப் பழகிக்கொள்ள நேர்ந்தது. அவர் மீண்டு வந்தபொழுது, அவரருகில் விஜய் மாலிக் என்னும் மற்றொரு பாடகர் துணைநின்றார். 2022 பிப்ரவரி 25ஆம் நாள் நடந்த இறுதி ஆட்டத்தில் விஜய் 14 புள்ளிகளும் நவீன் 13 புள்ளிகளும் எடுத்தனர். பாட்னா பைரேட்ஸ் அணியை 37க்கு 36 என ஒரே புள்ளியில் வென்று தில்லி முதன்முறையாகக் கோப்பை கொண்டது. 18 புள்ளி எடுத்த ஆண்டில் தோல்வி. 13 புள்ளி எடுத்த ஆண்டில் வெற்றி. முன்னையிலும் குறைவாக எடுத்து முன்னையிலும் பெரிதாக வென்ற இந்நிகழ்ச்சியிலேயே நம் வினாவுக்குரிய விடையின் பெரும்பகுதி அடங்கியிருக்கின்றது. காப்போர் இருவரை எதிர்நோக்க வேண்டிவரும்பொழுது, ஒருவருக்காக மட்டும் வலை விரித்தல் அவர்களால் இயலாது.

நம் மாநிலத்து அணியாகிய தமிழ் தலைவாஸின் வரலாறும் இதனையே வலியுறுத்தும். அவ்வணி 2017ஆம் ஆண்டில் லீக்கில் சேர்ந்தது. முதல் நான்கு பருவங்களிலும் அதனால் முதற் சுற்றைக் கடந்து செல்ல இயலவில்லை. 2022ஆம் ஆண்டில் பவன் செராவத் என்னும் ஆட்டக்காரரை 2 கோடியே 26 லட்சம் ரூபாய்க்கு அவ்வணி ஏலத்தில் எடுத்தது. ஓட்டத்திலும் காப்போர்மீது தாவிச் செல்லுதலிலும் அவருக்கு நிகரானோர் அரியர். 2019ஆம் ஆண்டில் பெங்களூர் அணிக்காக ஒரே ஆட்டத்தில் 39 புள்ளி எடுத்த பெருமை அவருக்குண்டு. தமிழ் மக்களின் நம்பிக்கை முழுதும் அவர் கால்கள்மீது நின்றது. அந்தோ! அக்டோபர் மாதம் நடந்த முதல் ஆட்டத்திலேயே அவர் முழங்காலில் காயமுற்று வெளியேறினார். அப்பருவம் முழுதும் மீண்டு வரவில்லை.

அணி வீழ்ந்துவிடும் என்றே பலரும் எண்ணினர். நிகழ்ந்ததோ வேறு. அதுகாறும் பெயர் பெறாத இளைஞராகிய நரேந்தர் பாடும் பொறுப்பை ஏற்று அப்பருவத்தில் 243 புள்ளிகள் எடுத்தார். அஜிங்க்ய பவார் துணைநின்றார். சாகர், சாஹில் குலியா முதலிய காப்போர் அரணாய் அமைந்தனர். தமிழ் தலைவாஸ் அணி முதன்முறையாக அரையிறுதி வரை முன்னேறி, புனே அணியிடம் 37க்கு 39 என்ற கணக்கில் இரண்டே புள்ளிகளில் தோற்றது. ஒருவரை நம்பி அமைந்த அணி, அவ்வொருவரை இழந்த பின்னரே அணியாயிற்று என்று கூறுதல் மிகையாகாது. இதனால் பவன் செராவத்தின் திறமைக்கு இழுக்கொன்றுமில்லை. அவர் உடல் தேறி, 2023 அக்டோபரில் சீனத்து ஹாங்சோ நகரில் நடந்த ஆசிய விளையாட்டுகளில் இந்திய அணிக்குத் தலைமை தாங்கி, ஈரானை வென்று தங்கப் பதக்கம் பெற்றார்.

ஓட்டத்தை நம்பாதவர் நிலையையும் ஒப்பிட்டு நோக்குதல் தகும். அனூப் குமார் என்பவர் 2015ஆம் ஆண்டில் யு மும்பா அணிக்கும், 2016ஆம் ஆண்டு உலகக் கோப்பையில் இந்திய அணிக்கும் தலைமை தாங்கி இரண்டிலும் வென்றவர். அவர் பெரிதும் விரைந்தோடினாரல்லர். நின்று, காப்போரின் கால்நிலையை அளந்து, போனஸ் கோட்டை மிதித்து ஒரு புள்ளி, தருணம் வாய்த்தால் மற்றொரு புள்ளி எனச் சிறுகச் சேர்ப்பார். அவருடைய மூலதனம் கண்ணும் பொறுமையும். கால்கள் தளரும் பருவத்திலும் கண்ணும் பொறுமையும் தளர்வதில்லை என்பதை ஓட்டக்காரர் நினைவிற்கொள்ளல் நன்று.

இவ்வினா நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்க ஐக்கிய நாட்டில் அமெரிக்கக் கால்பந்து என்றோர் ஆட்டம் உண்டு. பெயர் கால்பந்தாயினும் பந்தைக் கையிலேந்தி ஆடும் ஆட்டம் அது. அதில் குவார்ட்டர்பேக் எனப்படுபவரே தாக்கும் அணியை நடத்துபவர். பந்து முதலில் அவர் கைக்கே வரும். அதனைத் தொலைவில் ஓடும் தோழருக்கு எறிதல் அவர்தம் முதற்கடமை. ஆயினும் விரும்பினால் தாமே பந்தைக் கொண்டு ஓடலாம். ஓடும் குவார்ட்டர்பேக் தொழில்முறை ஆட்டத்தில் வெல்வரோ என்னும் வாதம் அந்நாட்டில் நெடுங்காலமாக நிகழ்ந்துவருகின்றது. 2006ஆம் ஆண்டில் மைக்கேல் விக் என்பவர் ஒரே பருவத்தில் 1,039 கஜம் ஓடி, ஆயிரம் கஜத்தைக் கடந்த முதல் குவார்ட்டர்பேக் ஆனார். எனினும் அவர் அணி அப்பருவத்தில் 7 ஆட்டங்களில் வென்று 9 ஆட்டங்களில் தோற்றது. 2012ஆம் ஆண்டில் ராபர்ட் கிரிஃபின் என்னும் இளைஞர் தம் முதற் பருவத்திலேயே ஓட்டத்தால் புகழெய்தினார்; 2013 ஜனவரியில் முழங்காலில் பெருங்காயம் உற்றார்; அதன்பின் பழைய நிலை அவருக்கு வாய்க்கவில்லை.

இவற்றைக் கொண்டு ஓட்டம் தீது என்று முடிவு கூறியோர் பலர். பின்னர் வந்தோர் அம்முடிவை மாற்றினர். லாமார் ஜாக்சன் 2019ஆம் ஆண்டில் 1,206 கஜம் ஓடினார். அத்துடன், எறிந்த பந்துகளால் 36 முறை எல்லைக்கோட்டு வெற்றி தேடித்தந்து, எறிதலிலும் அவ்வாண்டின் முதல்வராக நின்றார். வாக்களித்தோர் அனைவரும் ஒருமனதாக அவரையே சிறந்த ஆட்டக்காரராகத் தேர்ந்தனர். ஜேலன் ஹர்ட்ஸ் என்பவர் 2025 பிப்ரவரியில் தம் ஃபிலடெல்ஃபியா அணிக்கு இறுதி ஆட்ட வெற்றி தேடித்தந்தார். அன்று அவர் 72 கஜம் ஓடினார், 221 கஜம் எறிந்தார். ஓட மட்டும் வல்லாரை எதிரி தடுத்துவிடுகிறான். எறியவும் ஓடவும் வல்லாரை எதனால் தடுப்பது என எதிரி அறியான். தில்லி அணியில் இருவர் சேர்ந்து செய்ததை இங்கு ஒருவரே இரு திறனால் செய்கின்றார். வழி வேறாயினும் பொருள் ஒன்றே.

ஆயினும் இரு நாட்டு ஆட்டங்களுக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. அமெரிக்க ஆட்டத்தில் ஓடும் குவார்ட்டர்பேக் கால்களை முன்னீட்டித் தரையில் சறுக்கி அமர்ந்துவிட்டால், அந்த ஓட்டம் அவ்விடத்தே முடிந்தது. அதன்பின் அவர்மீது மோதுதல் குற்றமாகும். ஓட்டக்காரரின் உடலைக் காத்தற்கென்றே அமைந்த விதி அது. கபடியில் அத்தகைய அடைக்கலம் இல்லை. நடுக்கோட்டைத் தொடும்வரை எழுவரும் அவர்மீது விழலாம். கழுத்தை நெரித்தல், வாயைப் பொத்துதல், கால்களைக் கத்தரிபோற் கோத்துப் பிடித்தல் முதலியன மட்டுமே விலக்கப்பட்டுள்ளன. விரைந்து ஓடுவோர் பிடிபடும்பொழுது, நின்று ஆடுவோரினும் பன்மடங்கு வேகத்தோடு வீழ்கின்றனர். ஓடிவரும் கால் திடீரென நின்று திரும்புகையில் உடலின் பாரமெல்லாம் முழங்காலின் தசைநார்மீது இறங்குகின்றது. மேற்கூறிய நவீன், பவன், கிரிஃபின் ஆகிய மூவர் வரலாற்றிலும் முழங்கால் என்னும் சொல் வருவது தற்செயலன்று. நவீன் குமார் 2023 டிசம்பரில் தொடங்கிய பருவத்திலும் முழங்காலின் பொருட்டே இடையில் விலக நேர்ந்தது. அப்பொழுதும் ஆஷு மாலிக் என்னும் மற்றொருவர் முன்னின்றமையால் தில்லி அணி முதற் சுற்றைக் கடந்தது.

பெரிய அணிகளின் ஆட்டக்காரர்க்கு மருத்துவரும் பயிற்சியாளரும் அருகிருப்பர். தரையும் மெத்தென்ற விரிப்பாகும். நம் ஊர்க்களங்களிலோ கட்டாந்தரையே மிகுதி. அங்கு முழங்கால் முறிந்த இளைஞரை வினவுவார் இலர். 2022ஆம் ஆண்டில் நம் மாவட்டத்திலேயே கபடிக் களத்தில் இளைஞரொருவர் உயிர் நீத்த துயரத்தை ஈண்டு நினையாமலிருத்தல் இயலாது. பந்தயம் நடத்துவோர் பரிசுத்தொகையைக் குறித்து ஆலோசிக்கும் அளவு, களத்தை மண் கொத்தி மென்மையாக்குதல், முதலுதவிக்கு ஆள் அமர்த்துதல், அருகில் வண்டியொன்றை நிறுத்தி வைத்தல் ஆகியவற்றைக் குறித்தும் ஆலோசிப்பாராயின் அதுவே பெரும் பரிசாகும்.

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படும் முடிபு இது: ஓட்டக்காரர் தொழில்முறைக் கபடியில் வெற்றி பெறுவர், ஆனால் ஓட்டத்தால் மட்டும் பெறார். ஓட்டம் கதவைத் திறக்கும் திறவுகோல். உள்ளே வாழ்தற்கு வேறு பொருளும் வேண்டும். திருவள்ளுவர் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து அமைத்தமை இவ்விளைஞர்க்கெனவே அமைத்ததுபோலத் தோன்றுகின்றது. தன் வலியோடு மாற்றான் வலியையும் அறிதலாவது, தான் ஓடுவதை எதிரி அறிந்துவிட்டான் என்பதை அறிதல். காலமறிதலாவது, ஒவ்வொரு பாட்டிலும் ஓடாமல், வெறும் பாட்டாக விடுத்து மீளத்தக்க வேளையையும் பாயத்தக்க வேளையையும் பகுத்துணர்தல். இடனறிதலாவது, மணலில் ஓடிய கால் விரிப்பில் வேறுவகையாய்ப் பற்றும் என்பதை உணர்ந்து, அவ்விடத்துக்கேற்ற காலடியைப் புதிதாய்ப் பயிலுதல்.

ஆதலின், கடலூரிலும் சிதம்பரத்திலும் கபடி பயிலும் நம் மாணவ நண்பர்கள் மூன்றினைக் கடைப்பிடிப்பாராக. முதலாவது, ஓட்டத்தோடு மற்றொரு திறனையும் கைக்கொள்க. போனஸ் எடுத்தலாயினும், பெருவிரலால் தொடுதலாயினும், காவலராய் நின்று பிடித்தலாயினும் ஆகுக. இரண்டாவது, முழங்காலையும் தொடையையும் உறுதிசெய்யும் பயிற்சியை ஓட்டப் பயிற்சிக்கு முன்னர் வைக்க. காயம் உற்றால் ஆறும்வரை பொறுத்திருக்க. அடுத்த ஊர்ப் பந்தயத்துக்கு வரும்படி நண்பர் வற்புறுத்தினும் இசையாதொழிக. மூன்றாவது, கல்வியைக் கைவிடாதொழிக. ரயில்வே, காவல்துறை முதலியன கபடி ஆட்டக்காரர்க்கு வேலை நல்குவது உண்மையே. எனினும் வேலையில் அமர்த்துவோர் ஆட்டத்தோடு படிப்புத் தகுதியையும் கேட்பர். ஆட்டக்களத்தில் ஒருவர் ஓடக்கூடிய ஆண்டுகள் மிகச் சிலவே. அவ்வாண்டுகளுக்குப் பின்னும் நெடிய வாழ்வு எஞ்சி நிற்கின்றது.

பயிற்சியளிக்கும் ஆசிரியர்க்கும் பழைய மாணவர்க்கும் ஒரு கடமை உண்டு. விரைந்தோடும் மாணவனொருவனைக் கண்டால், அவன்மீதே அணியின் பாரம் முழுவதையும் ஏற்றிவிடுதல் எளிது. ஓரிரு கோப்பைகளும் அதனாற் கிட்டும். அவனுக்குத் துணையாக மற்றொருவனையும் ஆயத்தப்படுத்துதல் அரிது. ஆயினும் அதுவே அணிக்கும் நலம், அம்மாணவனுக்கும் நலம். எதிரணியார் கண்கள் இருவரிடையே பிரிந்து நிற்கும் களத்திலேதான், ஓட்டக்காரன் எழுவர் கையிலும் அகப்படாமல் நெடுநாள் ஓடுவான்.